கோள் சொல்வதும் குரல் கொடுப்பதும்



மூட்டுவலி பற்றிப் புலம்பி எழுதியதற்குப் பிறகு இந்தப் பக்கம் நான் வரவில்லை. "டீச்சர், என்ன ஆச்சு, ஆளையே காணோம்?" என்று மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நாட்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். பரீட்சை கிடையாது, ஆனால் கடைசி வரை படியுங்கள்.

என் பேரனை இந்த கோடை விடுமுறையில் நீச்சலில் சேர்த்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு போகப் போகிறான். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு ஓடுகிறவர்கள். அதனால் அழைத்துக்கொண்டு போகும் பொறுப்பு பாட்டிக்கு. காலை ஐந்தே முக்காலுக்கு முனுசாமி சாலையில் ஆட்டோ பிடிப்போம். சிவன் பூங்காவில் கைவீசி நடக்கிறவர்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருப்பார்கள். ஆட்டோவில் பதினைந்து நிமிஷத்தில் குளம். நான் படிக்கட்டு கேலரியில் துண்டு, பாட்டில், டிபன் டப்பா சகிதம் மற்ற அம்மாக்களோடும் பாட்டிகளோடும் உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. மெரினாவில்கூட கணுக்கால் நனைத்ததோடு சரி. ஆகவே எனக்கு அங்கே எல்லாமே புதிது.

சேர்ந்த இரண்டாவது வாரம், பயிற்சி கொடுக்கிற பெண் (பிள்ளைகள் எல்லோரும் 'கோச் அக்கா' என்பார்கள்) ஒரு தாளோடு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நீங்க ஸ்கூல் டீச்சராமே. இதைத் தமிழ்ல எழுதித் தருவீங்களா? ஆட்டோ ஓட்டறவங்க பிள்ளைங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கல்லாம் இந்த வருஷம் சேர்ந்திருக்காங்க. தாளைக் குடுத்தா கையெழுத்து மட்டும் போட்டுத் தந்துடறாங்க. படிக்கறதில்ல."

"இங்கிலீஷ் தெரிஞ்சவங்க படிக்கறாங்களா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "அவங்களும் இல்ல டீச்சர்."

நானும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

'இளம் உறுப்பினர்களிடம் நாங்கள் எதிர்பார்க்கும் நடத்தை' என்று தலைப்பு வைத்தேன். பதினோரு விதிகள். முதலில் வெறும் ஒழுக்கப் பட்டியல் என்றுதான் நினைத்தேன். நாம் வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டுவோமே, 'அமைதி காக்கவும்', 'வரிசையில் செல்லவும்', அந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுக் கேட்டு எழுதும்போதுதான், எல்லாமே யாரோ எங்கேயோ அடிபட்டு எழுதிய விதிகள் என்று புரிந்தது.

குளத்தில் இறங்குவதற்கு முன்னால் கழிவறைக்குப் போய்விட்டு, ஷவரில் உடம்பைக் கழுவ வேண்டும் என்பது ஒரு விதி. சுத்தத்துக்காக என்று நாம் நினைப்போம். அதற்கு மேலும் உண்டு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற பொருள் உண்டாகிறது. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் அதுதான் காரணம். நீச்சல் குளத்தில் மூக்கில் ஏறுகிற அந்த நெடியை 'நல்லா மருந்து போட்டிருக்காங்க' என்று நாம் பாராட்டுவோம். உண்மையில் அந்த நெடி, குளோரின் அழுக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அறிவியல் நடத்திய எனக்கே இது இப்போதுதான் தெரியும்.

ஈரத் தரையில் ஓடக் கூடாது. வழுக்கி விழுந்தால் மண்டை உடையும். ஆழம் குறைந்த பக்கத்தில் தலைகீழாகப் பாயக் கூடாது. அடியில் மோதினால் போவது கழுத்தெலும்பு, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் படுக்கைதான். ஒரே லேனில் நாலைந்து பேர் நீந்தும்போது, கயிற்றை ஒட்டி ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். நடுவில் நின்று கதை பேசக் கூடாது. விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் காலைப் பிடித்து இழுக்கவோ தலையை அமுக்கவோ கூடாது. வாயில் சூயிங்கம் கூடாது. கோச் பேசும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கோச் அல்லது லைஃப்கார்டு கரைக்கு வராமல் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. உடை மாற்றும் அறைக்குள் செல்போன் கூடாது. இது பெரியவர்களுக்கும் சேர்த்து. மூச்சை அடக்கும் பந்தயம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இந்தப் பத்தையும் ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்துவிட்டேன். பதினோராவதுக்கு நாலு நாள் ஆயிற்று. அது இதுதான்:

'உனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று தோன்றினால், அல்லது யாராவது உன்னைப் பயமுறுத்தினால், சங்கடப்படுத்தினால், உடனே ஒரு பெரியவரிடம் சொல். சொன்னதற்காக உன்னை யாரும் தண்டிக்க மாட்டார்கள்.'

முதல் வாக்கியம் சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்தை எழுத என் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த நாலு நாளில் இரண்டாவது நாள் ஒரு சம்பவம் நடந்தது. பயிற்சி முடிந்து சின்னப் பிள்ளைகளை கோச் அக்கா கரையேற்றிக்கொண்டிருந்தாள். ஆழமான பக்கத்தில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற மூன்று பையன்கள், அடியில் யார் அதிக நேரம் உட்கார்கிறார்கள் என்று பந்தயம் வைத்திருக்கிறார்கள். ஒருவன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறான். நான் கேலரியிலிருந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன், ஒன்றையும் கவனிக்கவில்லை. என் பேரன் கரையில் உட்கார்ந்து நீச்சல் கண்ணாடியைக் கழுவிக்கொண்டே மனசுக்குள் எண்ணியிருக்கிறான். ஐம்பது வரை எண்ணியும் அந்தப் பையன் மேலே வரவில்லை. எழுந்து, ஓடக் கூடாது என்ற விதியையும் மறந்து, ஓடிப்போய் லைஃப்கார்டின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணா, அந்த அண்ணா கீழயே இருக்கான்!"

விசில் ஊதி அவர் பாயப் போகிற நேரத்தில், அந்தப் பையன் சிரித்துக்கொண்டே மேலே வந்தான். ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேருக்கும் ஒரு வாரம் தண்ணீரில் இறங்கத் தடை. வெளியே செருப்புப் போடும்போது அவர்களில் ஒருவன் என் பேரனிடம், "போட்டுக் குடுத்துட்டல்ல?" என்றான்.

ஆட்டோவில் பிள்ளை வாயே திறக்கவில்லை. அசோக் பில்லர் சிக்னலில் நின்றபோது கேட்டான்.

"பாட்டி, நான் போட்டுக் குடுத்தேனா?"

"ஏன்டா கண்ணு?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகலியே. ஒண்ணும் ஆகலைன்னா அது கோள் சொல்றதுதானே?"

முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். "சிக்னல் விழுந்துடுச்சு பாரு" என்றேன். அதுதான் நான் சொன்ன பதில்.

மறுநாள் கோச் அக்கா பிள்ளைகளையும் எங்களையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினாள். அதை உங்களுக்கு அப்படியே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பல பேருக்கு நீச்சல் வயசில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நமக்கு 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று உள்ளேயிருந்து அவசரப்படுத்துவது ஆக்சிஜன் குறைவதல்ல. கரியமில வாயு கூடுவது. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் உடம்பிலிருக்கும் கரியமில வாயு குறைந்துவிடும். பிறகு தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வந்தாலும் அந்த அவசரம் தாமதமாகத்தான் தெரியும். அது தெரிவதற்கு முன்னாலேயே மயக்கம் வந்துவிடலாம். திணறல் இல்லை, கை கால் உதைப்பதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். மேலே நிற்கிறவர்களுக்கு, அவன் பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும்.

இன்னொன்றும் சொன்னாள். மூழ்குகிறவர் சினிமாவில் வருகிற மாதிரி "காப்பாத்துங்க" என்று கத்த மாட்டார். மூச்சு விடவே வாய் போதாதபோது கத்துவது எப்படி? கையை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது. இரண்டு கையும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். பத்தடி தூரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாலும் தெரியாமல் போகலாம். அதனால்தான் பார்க்கிற இன்னொரு கண் வேண்டும், சொல்கிற இன்னொரு வாய் வேண்டும். பார்த்த பிள்ளை தானே குதித்துக் காப்பாற்றப் போகக் கூடாது. இரண்டு பேரும் போய்விடுவார்கள். கத்த வேண்டும், பெரியவரைக் கூப்பிட வேண்டும், கையில் கிடைத்த துண்டையோ கம்பையோ மிதவையையோ நீட்ட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஐ.நா. சபை ஜூலை 25-ஐ இதற்காகவே ஒரு நாளாக அறிவித்திருக்கிறது. நமக்கு ஆடிப் பதினெட்டு தெரியும்; இந்த நாளைத் தெரியாது.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும் அக்கா, என்னை எதுக்குப் பாக்கணும்?" என்று ஒரு பையன் கேட்டான். அதற்கு அவள் குற்றாலீசுவரன் கதையைச் சொன்னாள். என் வயசு ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 1994-ல், உங்களில் சிலரின் வயசுதான் அந்தப் பிள்ளைக்கு. பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய் என்று ஒரே வருஷத்தில் ஆறு கடல் கால்வாய்களை நீந்தி, 1966-ல் மிஹிர் சென் ஐந்து நீந்தியிருந்த சாதனையைத் தாண்டினான். நானே அன்றைக்குப் பேப்பரில் வந்த படத்தை வெட்டி வகுப்பில் ஒட்டினேன். "அவ்வளவு பெரிய நீச்சல்காரரும் தனியா நீந்தல. பக்கத்துல ஒரு படகு வரும். அதுல ஒருத்தர் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருப்பார். நீந்தறவர் படகைத் தொட்டா அந்த நீச்சல் கணக்குல சேராது. ஆனா படகு இல்லாம நீந்தவே விட மாட்டாங்க. 'போதும், ஏறு'ன்னு படகுல இருக்கறவங்க சொன்னா ஏறணும்" என்றாள்.

எனக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தது. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன். 1971-ல் பாக் நீரிணையைப் போய்த் திரும்பி என்று இரு தடவையும் சேர்த்தே நீந்தியவர். பல உலக சாதனைகள் செய்தவர். 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில்தான் உயிர் போயிற்று. ஆழியையே பெயரில் வைத்திருந்தவருக்கும் தண்ணீர் சலுகை காட்டவில்லை. அப்படியிருக்க, எட்டாம் வகுப்புப் பையன் எம்மாத்திரம்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பேரனிடம் "நீ செஞ்சது சரிடா" என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் தாளில் அந்தக் கடைசி வாக்கியம் எழுதப்படாமலே இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு என் வகுப்பின் முதல் சட்டம் என்னவென்று தெரியும். "கோள் சொன்னா, சொன்னவனுக்குத்தான் முதல் அடி." பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. "டீச்சர், அவன் கிள்ளறான்", "டீச்சர், இவ என் பென்சிலை எடுத்துட்டா" என்று நிமிஷத்துக்கு ஒரு புகார். அந்தச் சட்டம் போட்ட பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது. இன்ஸ்பெக்ஷன் வந்தவர்கள்கூடப் பாராட்டினார்கள். அமைதி வந்ததைப் பார்த்தேனே தவிர, எது எதெல்லாம் என் காதுக்கு வராமல் நின்றுபோயிற்று என்று யோசிக்கவில்லை.

1993 டிசம்பர். அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள். ஏழாம் வகுப்பு. நான் விடைத்தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து மேஜை பக்கத்தில் நின்றான். பேர் வேண்டாம்.

"டீச்சர்... அவங்க ரெண்டு பேரும்..."

எண்ணிக்கை தப்பிவிட்டது. எரிச்சல் வந்தது.

"கோள் சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? போ, போய் உக்காரு."

அவன் போகாமல் இன்னும் ஒரு நிமிஷம் நின்றான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. போய்விட்டான்.

அன்று மத்தியானம் அவன் நண்பர்கள் இரண்டு பேர் சைக்கிளில் புறநகர்ப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக் குட்டைக்குப் போனார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை நிறைந்து கிடந்தது. கல்குட்டைக்குக் கரை என்று ஒன்று கிடையாது. பாறை செங்குத்தாக இறங்கும். ஓரடி தள்ளினால் முப்பதடி ஆழம் இருக்கும். நீச்சல் தெரியாத பையன் கால் வழுக்கி உள்ளே போய்விட்டான். மற்றவன் அலறியது, அங்கே லாரி கழுவிக்கொண்டிருந்த ஒரு கிளீனரின் காதில் விழுந்திருக்கிறது. அவர் கயிற்றோடு ஓடிவந்து தூக்கிப் போட்டார். பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அந்தக் கிளீனர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து ஒருவரும் போய் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியர் என் வகுப்புக்கு வந்தார். "இவங்க அங்க போறது யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

அந்தப் பையன் எழுந்து நின்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "தெரியும் சார்."

"அப்புறம் ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

அவன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு விநாடி. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "டீச்சர்கிட்ட சொல்ல வந்தேன்" என்று அவன் சொல்லவில்லை. அதுவும் கோள் ஆகிவிடும் அல்லவா? நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

உள்ளங்கையில் இரண்டு பிரம்படி. மத்தியானம் வரை வெளியே நிற்க வேண்டும். நான் கரும்பலகை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "சார், அவன் என்கிட்ட வந்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மெமோ வருமோ, பெற்றோர் வந்து கேள்வி கேட்பார்களோ என்று பயம். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவனை வகுப்புத் தலைவனாகப் போட்டேன். அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர் போட்ட தப்புக் கணக்கு.

'சொன்னதற்காக உன்னை யாரும் தண்டிக்க மாட்டார்கள்' என்று எழுத என் கை ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறதா?

இந்தப் பதினோராவது விதியை நீச்சல் அமைப்புகள் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கின்றன என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2010-ல் அமெரிக்க நீச்சல் சங்கம், வாழ்நாள் தடை விதிக்கப்பட்ட பயிற்சியாளர்களின் பட்டியலை வெளியிட வேண்டி வந்தது. 46 பேர். பெரும்பாலும் பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்தவர்கள். 'கோச் சொன்னால் கேள், எதிர்த்துப் பேசாதே' என்று மட்டுமே வளர்த்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் வாய் திறக்கவில்லை. இது அமெரிக்கா சமாசாரம் என்று நாம் தள்ளிவிட முடியாது. நம் ஊரில் 2012-ல் வந்த போக்சோ சட்டம், ஒரு குழந்தைக்கு இப்படி நடந்திருப்பது தெரிந்தும் புகார் தராத பெரியவருக்கே தண்டனை உண்டு என்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இதை உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். வாய்ப்பாடு மறந்தாலும் பரவாயில்லை.

அதனால்தான் எங்கள் குளத்தில் பெரியவர்களுக்கும் விதிகள் உண்டு. கோச் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க மாட்டார். பிள்ளைகள் உடை மாற்றும் நேரத்தில் பெற்றோர் உள்ளே போகக் கூடாது. கேலரியிலிருந்து "கையை நீட்டுடா, வேகமாப் போடா" என்று கத்தக் கூடாது. (இந்தக் கடைசி விதியை நான்தான் அதிகம் மீறுகிறேன்.) தோற்ற பிள்ளையை ஆட்டோவில் வைத்துத் திட்டக் கூடாது என்பதைத் தாளில் நானாகச் சேர்த்தேன். கோச் அக்கா ஒப்புக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை வேளச்சேரி நீச்சல் வளாகத்துக்குப் போட்டி பார்க்க அழைத்துப் போனேன். 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டியது. அங்கே ரிலே பந்தயத்தில் ஒரு விதியைக் கவனித்தேன். தன் அணி ஜெயித்துவிட்டது என்று சந்தோஷத்தில் ஒருவன் தண்ணீரில் குதித்துவிட்டால், மற்ற அணிகள் எல்லாம் முடிக்கும் முன் குதித்திருந்தால், ஜெயித்த அணியே தகுதி இழந்துவிடும். கடைசியில் வருகிறவன் சுவரைத் தொடும் வரை முதலில் வந்தவன் காத்திருக்க வேண்டும். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்துவிட்டது. நம் பள்ளிக்கூடங்களில் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது டி70 பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பேரனிடம் அன்றைக்குத் தவறவிட்ட பதிலை அப்போது சொன்னேன்.

"ஏன்டா கண்ணு, அன்னிக்கு அம்பது வரைக்கும் எண்ணினியே, அப்ப அவன் மேல வந்துடுவான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவ்வளவுதான். தெரியாததாலதான் சொன்ன. இனிமே எப்ப சந்தேகம் வந்தாலும் உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கோ. 'நான் சொல்லலைன்னா என்ன ஆகும்?' 'அவன் திட்டு வாங்காம தப்பிச்சுடுவான், அவ்ளோதான்'னு பதில் வந்தா, விட்டுடு. அது கோள். அந்தப் பதில்ல ஒருத்தரோட மூச்சோ, உடம்போ, பயமோ இருந்தா, ஓடிப்போய்ச் சொல்லு."

"ஓடக் கூடாது பாட்டி. வேகமா நடக்கணும்."

"சரி, வேகமா நடந்து போய்ச் சொல்லு."

"நான் சொன்னது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா இருக்கட்டும். சரியா தப்பான்னு பாக்கறது பெரியவங்க வேலை. உன் வேலை சொல்றது."

அந்த மூன்று பையன்களும் ஒரு வாரம் கழித்து வந்தார்கள். கோச் அக்கா இப்போது எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டாள். பெரிய பிள்ளை ஒன்று, சின்னப் பிள்ளை ஒன்று. நடுநடுவே விசில் ஊதுவாள். உடனே தன் ஜோடி எங்கே என்று தேடிப் பிடித்து, இரண்டு பேரும் சேர்ந்து கையைத் தூக்க வேண்டும். "போட்டுக் குடுத்துட்டல்ல?" என்று கேட்ட பையன்தான் என் பேரனுக்கு ஜோடி. முதல் நாள் முறைத்துக்கொண்டே கையைப் பிடித்தான். இப்போது என் டிபன் டப்பாவில் அவனுக்கும் இரண்டு இட்லி போகிறது.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பழைய மாணவனுக்குப் போன் செய்தேன். இன்று அவனுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக, "நான் அன்னிக்கு வாயைத் திறந்திருக்கணும்பா, என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"ஐயோ விடுங்க டீச்சர், அதெல்லாம் எவ்ளோ காலம் ஆச்சு" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர்? அடி வலிச்சதுகூட ஞாபகம் இல்ல. ஆனா அதுக்கப்புறம் நான் எதையும் யார்கிட்டயும் முதல்ல போய்ச் சொல்றதில்ல. ஆபீஸ்லயும் அப்படித்தான். தப்பு நடக்கறது தெரிஞ்சாலும் யாராவது கேக்கட்டும்னு உக்காந்திருப்பேன். வீட்ல அவ இதுக்குத்தான் திட்டுவா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இதை எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எழுதுங்க டீச்சர். பேர் மட்டும் வேணாம். அப்புறம், அந்தத் தமிழ்த் தாளை எனக்கும் அனுப்புங்க. பொண்ணு இந்த வருஷம் நீச்சல்ல சேரணும்ங்கறா."

அன்று ராத்திரிதான் பதினோராவது விதியின் கடைசி வாக்கியத்தை எழுதினேன். மறுநாள் கோச் அக்கா அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஷவருக்குப் பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறாள்.

உங்களில் இன்று ஆசிரியர்களாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். அப்பா அம்மாவாக எல்லோரும் இருக்கிறீர்கள். பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள். அவர்கள் கையெழுத்துக்குக் கொண்டுவருகிற தாளை ஒரு தடவை உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். பிள்ளை ஏதாவது சொல்ல வந்து பக்கத்தில் நின்றால், கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள். விடைத்தாளைத் திரும்ப எண்ணிக்கொள்ளலாம்.

என் வகுப்பில் இப்படி எதையாவது சொல்ல வந்து, சொல்லாமலே திரும்பிப் போனவர்கள் வேறு யாராவது இருந்தால், இப்போது சொல்லுங்கள். கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
கே.கே. நகர்.